கூரம் போகும் வழியில் ஒரு வளைவு

ராணிப்பேட்டை சிப்காட்டில் பேருந்தை விட்டு இறங்கியதும் காதில் விழுவது இரும்புச் சத்தம்தான். கிரைண்டர் சீறுகிறது, எங்கோ தகட்டில் சம்மட்டி விழுகிறது, நடுவே கிரேன் நகரும் உறுமல். பாரத மிகுமின் நிறுவனம், ஊர்க்காரர் வாயில் ‘பெல்’, 1980களில் இங்கே கொதிகலன் துணைக்கருவிகளைச் செய்யத் தொடங்கியது. அனல்மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் கருவிகள், ஆளுயரத்துக்கு மேற்பட்ட விசிறிகள், காற்றைச் சூடேற்றும் உருளைகள் என்று எல்லாமே தகட்டு வேலை. பெரிய ஆலையைச் சுற்றிச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. 1965இல் தொடங்கிய திருச்சி பெல்லைச் சுற்றித் திருவெறும்பூரும் துவாக்குடியும் வளர்ந்த கதையும் இதுதான்.

நான் கிளம்பியது கூரத்துக்கு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில் பல்லவர் கட்டிய சிவன் கோயிலுக்குப் பின்புறம் வளைவானது. கல்லில் வந்த வளைவைப் பார்க்குமுன் இரும்பு எப்படி வளைகிறது என்று கண்ணால் பார்த்துவிட விரும்பினேன். தெரிந்தவர் சொல்லியிருந்த பட்டறை, தகரக் கொட்டகையும் மண் தரையுமாக, ரயில் பெட்டி நீளத்துக்கு இருந்தது. நடுவில் ரோலிங் மெஷின்.

இயந்திரத்தைப் பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். கீழே இரண்டு உருளைகள், அவற்றின் இடுக்குக்கு நேர் மேலே ஒன்று. அவ்வளவுதான். கீழே உள்ள இரண்டும் ஒரே திசையில் சுழலும். மேல் ரோல் திருகுகளின் பிடியில் ஏறும், இறங்கும். தகட்டைக் கீழ் ரோல்களின் மேல் கிடத்தி, மேல் ரோலை இறக்கினால், தகடு இரண்டு பக்கமும் தாங்கப்பட்டு நடுவில் அழுத்தப்படுகிறது. அழுத்திய இடத்தில் அது சற்றே குழிகிறது. பிறகு ரோல்களைச் சுழற்றினால் அந்தக் குழிவு தகட்டின் நீளம் முழுக்க நகர்ந்துகொண்டே போகிறது. ஒரு இடத்தில் விழுந்த மடிப்பு எல்லா இடத்திலும் சமமாகப் பரவும்போது அதற்குப் பெயர் வளைவு.

அன்று ரோலில் ஏறியது ஒரு தொட்டிக்கான ஷெல், அதாவது அதன் உருளை உடல். உள்விட்டம் 1000 மில்லிமீட்டர், தகட்டின் கனம் 10, அகலம் 1500. தகட்டை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது என்பதே முதல் கேள்வி. வளையும்போது தகட்டின் வெளிமுகம் நீள்கிறது, உள்முகம் சுருங்குகிறது, கனத்தின் நடுவில் ஓடும் கோடு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆகவே கணக்கு நடுவிட்டத்துக்கு: 1010ஐ பையால் (π) பெருக்கினால் 3173 மில்லிமீட்டர். உள்விட்டத்தை வைத்துக் கணக்கிட்டு வெட்டினால் 31 மில்லிமீட்டர் குறையும். இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விழுந்த ஷெல்லை எந்த வெல்டரும் மூட மாட்டார்.

தகட்டைத் தூக்கிய கிரேன் மெல்ல முனகியது. ஒரு சதுர மீட்டருக்கு 78.5 கிலோ என்று போட்டால் இந்தத் தகடு 374 கிலோ வரும். ரோல்களுக்கு நடுவே அதைச் செங்கோணமாக நுழைப்பதில் மேஸ்திரி எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு வியப்பாக இருந்தது. தகட்டின் விளிம்பு ரோலுக்கு இணையாக இல்லாவிட்டால் ஷெல் திருகிக்கொள்ளும். சுற்றி வந்து இரண்டு விளிம்பும் சந்திக்கும்போது ஒரு பக்கம் முன்னும் மறு பக்கம் பின்னுமாக நிற்கும். அதைச் சரிசெய்வது எளிதல்ல. எனவே ஹெல்பர் ஒரு பக்கம், மேஸ்திரி ஒரு பக்கம் நின்று, கோணமட்டம் வைத்துப் பார்த்து, கடப்பாரையால் நெம்பி, மறுபடி பார்த்தார்கள். ஹெல்பர் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டதைக் கவனித்தேன். சுழலும் ரோலில் துணி மாட்டினால் கையும் கூடப் போகும்.

“தம்பி, எறக்கு. போதும். நிறுத்து.”

முதல் பாஸில், அதாவது ரோலில் தகடு ஓடிய முதல் ஓட்டத்தில், எதுவும் நடக்காதது போலத்தான் இருந்தது. தகடு போய்த் திரும்பி வந்தது. கண்ணுக்கு ஏறக்குறைய நேராகவே இருந்தது. இரண்டாவதில் ஓரங்கள் லேசாகத் தூக்கின. கரிய செதில்கள், ஆலையிலிருந்து வரும்போதே தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் மேல்தோல், பொரிந்து உதிர்ந்தன. ஹெல்பர் அவற்றைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே இருந்தான். ரோலுக்கும் தகட்டுக்கும் இடையில் செதில் சிக்கினால் தகட்டின் முகத்தில் தழும்பு விழும். துருவேறாத எஃகு என்றால் இன்னும் கவனம் வேண்டும். சாதா இரும்பின் தூள் ஒட்டினாலே அதில் பிறகு துரு பிடிக்கும் என்பதால் ரோல்களைத் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டுத்தான் அதை ஏற்றுவார்கள்.

ஒரே அழுத்தில் முடிக்க முடியாதா என்று கேட்டேன். மேஸ்திரி தலையை ஆட்டினார். “ஒரேயடியா எறக்கினா ஷெல்லு வராது சார், மடிப்பு மடிப்பா நிக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும். அதுக்கும் மேல, இது திரும்பி விரியும் இல்ல?”

விரியும். இந்தத் தொழிலின் நடுநரம்பே அந்த விரிதல்தான். அழுத்தும் வரை வளைந்து நிற்கும் இரும்பு, அழுத்தம் போனதும் தன் பழைய நேர்மையை நோக்கிச் சற்றே திரும்புகிறது. ஆகையால் 1000 விட்டம் வேண்டுமென்றால் அதற்கும் குறைவான விட்டத்துக்கு வளைக்க வேண்டும். எவ்வளவு குறைவு? புத்தகத்தில் சூத்திரம் உண்டு. தகட்டின் கனம், ஆரம், இரும்பின் விளைவுவலிமை ஆகியவற்றைப் போட்டால் விடை வரும். ஆனால் ஒரே தரத்தில் வந்த இரண்டு லாட்டுக்கு இடையிலேயே விளைவுவலிமை மாறும். ஐஎஸ் 2062 என்று தர எண் குத்தியிருந்தாலும், அந்தத் தரம் சொல்வது குறைந்தபட்ச வலிமையைத்தான். மேலே எவ்வளவு இருக்கிறது என்பது தகட்டுக்குத் தகடு வேறு. “இன்னிக்கி வந்த லாட்டு டைட்டா இருக்கு. கால் சுத்து கூட எறக்கணும்” என்றார் மேஸ்திரி. அந்தக் கால் சுற்று எந்தச் சூத்திரத்திலிருந்தும் வரவில்லை. இரண்டாவது பாஸில் தகடு எவ்வளவு எழுந்தது என்று பார்த்தே சொன்னார்.

பாஸுக்குப் பாஸ் டெம்ப்ளேட்டை உள்ளே வைத்துப் பார்த்தார்கள். மெல்லிய தகட்டில் வெட்டிய வட்டத்துண்டு அது. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வளைவு அதிகம், ஓரங்களில் தெரிந்தால் போதவில்லை. போதாமல் இருப்பது தேவலை. இன்னும் இறக்கி வளைத்துக்கொள்ளலாம். மிஞ்சி வளைந்துவிட்டால் ஒரு விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறி உட்காரும். அதை விரித்தெடுக்க ஆப்பும் சம்மட்டியும் அரைநாள் வியர்வையும் வேண்டும்.

மூன்று ரோல் இயந்திரத்துக்கு ஒரு பிறவிக்குறை உண்டு. தகட்டின் இரண்டு முனைகளும் மேல் ரோலின் பிடிக்கு முழுதாக வருவதில்லை. கீழ் ரோல்களின் மையத்துக்கு இடையிலுள்ள தூரத்தில் ஏறக்குறைய பாதி நீளத்துக்கு முனை தட்டையாகவே நின்றுவிடும். அப்படியே சேர்த்து வெல்டு அடித்தால் வட்டம் வராது, கண்ணீர்த்துளி வடிவில் கூம்பி நிற்கும். எனவே முனைகளை முன்கூட்டியே வளைத்துவிட வேண்டும். பெரிய ஆலைகளில் அதற்குப் பிரஸ் இருக்கிறது. நான்கு ரோல் இயந்திரம் வைத்திருப்பவர்கள் முனையை அதிலேயே கவ்வி வளைத்துவிடுவார்கள். இந்தப் பட்டறையில், முன்பே வளைத்து வைத்த தடித்த தகடு ஒன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. அதைக் கீழே போட்டு, அதன் மேல் வேலைத்தகட்டின் முனையை வைத்து, இரண்டையும் சேர்த்து ரோலில் ஓட்டியிருக்கிறார்கள். நான் வருமுன்பே அந்த வேலை முடிந்திருந்தது. அந்தப் பழைய வளைந்த தகட்டின் முதுகு எத்தனையோ முனைகளைத் தாங்கித் தாங்கிக் கண்ணாடி போல் மினுங்கியது.

ரோலும் வளையும் என்பது அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது. தகட்டை அழுத்தும்போது நீளமான மேல் ரோலும் நடுவில் சற்றே எதிர்ப்பக்கம் விலகுகிறது. அதனால் ஷெல்லின் நடுப்பகுதி போதுமான அளவு வளையாமல் பீப்பாய் போலப் புடைக்கும். அதற்காகவே ரோலைச் செய்யும் ஆலையில் நடுவே ஒரு மயிரிழை பருமன் கூட்டிக் கடைந்திருப்பார்கள். கூம்பு வளைப்பது இன்னும் சிக்கல். குறுகிய முனை கொஞ்ச தூரம் போக வேண்டும், அகன்ற முனை நிறைய தூரம் போக வேண்டும், ஆனால் ரோல் இரண்டையும் ஒரே வேகத்தில் தள்ளும். குறுகிய முனையைத் தடைபோட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

கடைசிப் பாஸில் விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கி வந்தன. டேக், அதாவது தற்காலிகப் புள்ளி வெல்டு, அடித்துப் பிடிக்க வைத்தார்கள். பிறகு ரோலின் ஒரு பக்கத்துத் தாங்கியைக் கழற்றிச் சாய்த்ததும், மேல் ரோலைச் சுற்றி நின்ற ஷெல், கையிலிருந்து வளையல் கழல்வதுபோலப் பக்கவாட்டில் உருவி வந்தது. முழு வெல்டு முடிந்ததும் மறுபடி இதே ரோலில் ஏறும். வெல்டு அடித்த இடம் சூட்டில் சற்றே கூம்பியிருக்கும், அதை ஓட்டி வட்டமாக்க வேண்டும். இத்தனைக்கும் வெளிமுக இரும்பு நீண்டது நூற்றுக்கு ஒரு பங்குதான். ஆரம் குறையக் குறைய, கனம் கூடக் கூட, அந்தப் பங்கு ஏறும். ஒரு வரம்பைத் தாண்டினால் குளிர்நிலையில் வளைத்த இரும்பு உள்ளுக்குள் இறுகிவிடும், உலையில் வைத்து ஆற்றித்தான் பயன்படுத்த வேண்டும்.

கிளம்பும்போது ஷெல்லின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்ததைப் படித்தேன். தகட்டின் எஃகை உருக்கிய தொகுதியைக் காட்டும் ஹீட் நம்பர் இருந்தது. வேலை எண் இருந்தது. வெல்டு முடிந்ததும் வெல்டரின் முத்திரை எண் தையலோரம் ஏறும். அவர் தேர்வெழுதிச் சான்று பெற்றவர். வளைத்தவருக்கு அங்கே இடம் இல்லை. கால் சுற்று கூட இறக்கிய அந்த முடிவு மேஸ்திரியின் கையோடு நின்றுவிட்டது.

காவேரிப்பாக்கம் வழியாகக் கிழக்கே வந்தேன். பல்லவர் காலத்து ஏரியின் கரை சாலையோடு நெடுந்தூரம் கூடவே வந்தது. தாமல் கழிந்து, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பியதும் வயல்கள். லாரி இரைச்சல் பின்தங்கிவிட, கூரம் வந்துவிட்டது.

முதலில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். இராமானுசரின் சீடரான கூரத்தாழ்வான் பிறந்த ஊர் இது. 1010இல் பிறந்தார் என்பது வைணவ மரபு. பெருஞ்செல்வர். இரவில் அவர் மாளிகைக் கதவுகளை மூடும் ஓசை காஞ்சி வரதராசர் வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். அத்தனையையும் துறந்து இராமானுசரை நாடித் திருவரங்கத்துக்கு நடந்தபோது, காட்டுவழியில் மனைவி ஆண்டாள், “பயம் உண்டோ?” என்று கேட்கிறார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்கிறார் ஆழ்வான். கணவர் உண்பதற்காக ஒரு பொன் வட்டிலை மட்டும் மடியில் வைத்திருந்ததாக அந்த அம்மையார் சொல்ல, வாங்கிக் காட்டில் எறிந்துவிடுகிறார். கேட்டுக் கேட்டுப் பழகிய கதை. ராணிப்பேட்டையிலிருந்து நேராக வந்ததாலோ என்னவோ, இந்த முறை என் கவனம் அந்த வட்டிலின் வடிவத்தின் மேல் போனது.

வட்டிலை எந்த ரோலும் செய்ய முடியாது. ஒரு தாளை எடுத்துத் தம்ளரைச் சுற்றிப் பாருங்கள், சுருக்கமில்லாமல் ஒட்டும். அதே தாளை ஒரு பந்தின் மேல் ஒட்டிப் பாருங்கள், எத்தனை முயன்றாலும் ஓரங்களில் மடிப்பு விழும், அல்லது கிழியும். தட்டையான ஒன்றை ஒரு திசையில் வளைக்கலாம். உருளையும் கூம்பும் கிடைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு திசையில் வளைக்க வேண்டுமென்றால் அதன் உடலையே ஓரிடத்தில் நீட்டியும் ஓரிடத்தில் சுருக்கியும் ஆகவேண்டும். கௌஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை 1827இல் இதை நிறுவிக் காட்டினார். அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தட்டார்களின் கைக்கு இது தெரியும். வட்டமாக வெட்டிய தகட்டின் நடுவைக் குழித்து, விளிம்பைத் தட்டித் தட்டிச் சுருக்கி, இடையிடையே நெருப்பில் காட்டி இளக்கி, மறுபடி தட்டி எழுப்புவதுதான் வட்டில். தொட்டிக்கு இரண்டு பக்கமும் மூடும் குவிந்த மூடியை, பட்டறையில் டிஷ் எண்டு என்பார்கள், இன்றும் ரோலில் செய்வதில்லை. பெரும்பாலும் பிரஸ்ஸில் அழுத்தி எடுக்கிறார்கள்.

காஞ்சிக்கு வருகிறவர்கள் இந்த இரண்டு வகையையும் ஒரே பிராகாரத்தில் பார்க்கலாம். கொடிமரத்தின் கவசம் ஒரு திசை வளைவு. மரமே அச்சாக நிற்க, தகட்டை அதைச் சுற்றி அணைத்துவிடுகிறார்கள். பொன் பூசிய விமானத்தின் குமிழ்ந்த சிகரம் இரு திசை வளைவு. அங்கே துண்டு துண்டாகத் தட்டிப் பொருத்திய தகட்டு வேலை. உருளைக்கு இன்னொரு தொழிலும் அந்த ஊரில் உண்டு. வெள்ளிக் கம்பியை மயிரிழையாக இழுத்து, பளபளப்பான இரண்டு உருளைகளுக்கு இடையே நசுக்கிப் பட்டையாக்கி, பட்டு நூலின் மேல் சுற்றி, பொன்முலாம் ஏற்றினால் ஜரிகை. 242 கிராம் ஒரு மார்க் என்று விலை பேசுவார்கள். அந்த உருளைகள் மெலிய வைக்கின்றன. நூலைச் சுற்றி வளைப்பது அடுத்த கட்டம்.

சிவன் கோயிலுக்கு வெயில் சாய்ந்த பிறகு போனேன். வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்பது அதன் பழைய பெயர். முதலாம் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுப்பித்தது. தமிழ்நாட்டில் பாறையைக் குடையாமல், கல்லை அடுக்கிக் கட்டிய மிகப் பழைய கோயில்களில் ஒன்றாகக் கலை வரலாற்றாளர்கள் இதைச் சொல்கிறார்கள். முன்புறம் நேர்ச்சுவர், பின்புறம் வளைந்து மூடும் தூங்கானை மாடம். மாமல்லபுரத்தில் சகாதேவ ரதம் இதே வடிவம். ஆனால் அது ஒரே பாறையில் செதுக்கியது. இங்கே நட்டுவைத்த கருங்கற்பலகைகளைச் சேர்த்துச் சேர்த்து அந்த வளைவைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பின்பக்கம் நின்று நெடுநேரம் பார்த்தேன். காலையில் பார்த்த ஷெல்லின் வளைவுதான், ஆனால் வந்த வழி முழுக்க வேறு. கருங்கல் வளையாது. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். வெளிமுகம் நூற்றில் ஒரு பங்கு நீளட்டும் என்று இரும்பைக் கேட்கலாம். கல்லைக் கேட்க முடியாது. ஆகவே வளைவை முதலில் தரையில் வரைந்து, அதைப் பங்கு போட்டு, ஒவ்வொரு கல்லும் தன் பங்கை மட்டும் சுமக்கும்படி நிறுத்த வேண்டும். இரும்பில் வளைத்தபின் அளக்கிறார்கள், கல்லில் அளந்தபின்தான் வளைவே பிறக்கும். மேஸ்திரிக்கு இருந்த ‘இன்னும் கால் சுற்று’ என்ற சலுகை பல்லவச் சிற்பிக்கு இல்லை. என்னைக் கேட்டால், இந்தக் கோயிலில் நின்று பார்க்க வேண்டிய இடம் வாசல் அல்ல, முதுகுதான்.

கூரத்தின் பெயரை வரலாற்றில் நிறுத்தியது இந்தக் கோயிலுக்குரிய செப்பேடுகள். ஏழு ஏடுகள், சமஸ்கிருதமும் தமிழும் கலந்தவை. கல்வெட்டறிஞர் உல்ச்சு 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அவற்றைப் பதிப்பித்தார். சாளுக்கியரோடு நடந்த போர், பரமேசுவர தடாகம் என்ற ஏரி, பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவந்த பெரும்பிடுகு வாய்க்கால், மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒதுக்கிய பங்கு எல்லாம் அவற்றில் இருக்கின்றன. ஏடுகளைக் கோத்திருப்பது ஒரு செப்பு வளையம். அதன் மேல் நந்தியும் இலிங்கமும் பொறித்த முத்திரை. வளைந்த உலோகம் அரசனின் கையெழுத்தைக் காவல் காத்திருக்கிறது. ரோல் எதுவும் இல்லாத காலம். செம்பைக் காய்ச்சிச் சிவக்க வைத்துத் தண்ணீரில் தோய்த்தால் எஃகைப் போல இறுகாது, இளகும். இளகிய தடியை மடித்துத் தட்டி வளையமாக்கியிருப்பார்கள். இவ்வூரில் கிடைத்த பல்லவர் கால நடராசர், முழங்காலை உயர்த்தி ஆடுகிறவர், இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். அந்த உடம்பின் வளைவுகள் மெழுகில் பிறந்து உலோகத்தில் உறைந்தவை.

செப்பேடுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேட்டில் அரசன், தானம் பெற்றவர், எல்லைகள் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, எழுத்தைப் பொறித்த யுத்தகேசரிப் பெரும்பணைக்காரனின் பெயரும் வருகிறது. எட்டாம் நூற்றாண்டில் அது வேண்டியிருந்தது. உளி பிடித்தவரும் அந்த ஆவணத்துக்குப் பொறுப்பு என்று எண்ணியிருக்கிறார்கள்.

ராணிப்பேட்டையிலும் திருச்சியிலும் ரோலிங் மேஸ்திரிகள் வயதாகி ஓய்வு பெறுகிறார்கள். இன்ன லாட்டு எத்தனை பாஸில் வந்தது, எவ்வளவு மிஞ்சி இறக்கியதும் எவ்வளவு விரிந்தது என்ற கணக்கு அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. எண்களைத் தட்டினால் தானே வளைக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றுக்கும் முதல் தகட்டில் எவ்வளவு விரியும் என்று யாரோ ஊட்டத்தான் வேண்டும். இதை எழுதிவைக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு ஷெல்லுக்கும் ஒரு வரி போதும்: கனம், விட்டம், பாஸ் எண்ணிக்கை, விரிந்த அளவு, வளைத்தவர் பெயர். ஹீட் நம்பருக்கும் வெல்டர் எண்ணுக்கும் பக்கத்திலேயே அதற்கு வேண்டிய இடம் இருக்கிறது.